காவலில் உள்ளவன் அரசின் அடைக்கலம்

(பதுளையில் அண்மையில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



சிறைக் கைதிகளின் உரிமைகள் பற்றிப் பேசவேண்டுமென்று என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும், "குற்றம் செய்தவன்தானே சிறைக்குப் போகிறான், அவனுக்கு ஏது உரிமை?" என்று எண்ணுவோர் இச்சபையிலும் இருக்கக்கூடும். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. களவு கொடுத்தவனும், வெட்டுப்பட்டவனும், அடி பட்டவனும் அப்படித்தான் எண்ணுவான். ஆயினும், சிறைக்குள் இருப்போர் எல்லாரும் குற்றம் செய்தவர்தாமா என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இந்த நாட்டுச் சிறைகளில் எந்த நாளிலும் அடைபட்டிருப்போரில் தண்டனை பெற்றவர்களைக் காட்டிலும் விளக்கமறியலில் உள்ளவர்களே மிகுதி. விளக்கமறியல் என்றால், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை என்பதே பொருள். அவர்களிற் பலர் அங்கே கிடப்பது குற்றத்தினாலன்று. பிணை நிற்க ஆளில்லாத குறையினால். இதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வேன். இன்று நான் இங்கு வந்ததே பெரும்பாலும் அதற்காகத்தான்.

நம் தோட்டத்து மக்களுக்குச் சிறை என்பது குற்றத்தோடு சேர்ந்து அறிமுகமான ஒன்றன்று. வேலையோடு சேர்ந்து அறிமுகமானது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் எசமானனுக்கும் வேலையாளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பற்றியது. ஒப்பந்தத்தை மீறினால் நட்டத்துக்கு வழக்காடுவதுதான் உலக வழக்கம். நெல் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியவன் தராவிட்டால் அவனைச் சிறைக்கு அனுப்புகிறோமா? தோட்டத் தொழிலாளி முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டு நீங்கினாலோ அது குற்றம்! மூன்று மாதம் வரை கடூழியச் சிறை அதற்குத் தண்டனை. கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் முன்னறிவித்தல் கொடுப்பது எங்ஙனம்? கடன் தீர்ந்தாலும் "துண்டு" இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை ஏது? கொடுமை தாங்காமல் இரவோடிரவாக ஆற்றைக் கடந்து ஓடியவனைப் பிடித்துவந்து நீதவான் முன் நிறுத்தினார்கள். அவன் களவெடுக்கவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. நடந்தான், அவ்வளவுதான். நடந்தது குற்றமாயிற்று.

இந்த அநியாயம் அரைநூற்றாண்டுக்கு மேல் நின்றது. அதை அகற்றுவதற்குப் பாடுபட்டவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை நன்றியோடு நினைக்கவேண்டும். 1919இல் அவரும் பெரியண்ணன் சுந்தரமும் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தையே நிறுவி, இந்தத் தண்டனை வாசகங்களை எதிர்த்து வாதாடினார்கள். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. சிறைத் தண்டனையும் அக்காலத்தோடு நீங்கிற்று. அருணாசலம் உயர்குடியிற் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், தோட்டத்து லயத்தில் ஒரு நாளும் படுத்தறியாதவர். எனினும், சிறைக்குப் போகிறவனுடைய வழக்கு தம்முடைய வழக்கும் ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. இந்தச் சபையில் அமர்ந்திருக்கும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் அதைக் கருத்தில் கொள்வார்களாக.

இனி, நம் வாசலுக்கே வருகிறேன்.

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பாதை நீங்கள் எல்லாரும் அறிந்தது. ஹாலிஎல, தெமோதரை என்று மலைகளைச் சுற்றி ஏறிச்செல்லும் அப்பாதையில் மரக்கறி லொறிகளும் கொழுந்து லொறிகளும் பள்ளிப் பிள்ளைகளும் நாள்தோறும் போய்வருகிறார்கள். பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ என்னுமிடத்தில் ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. யுத்த காலத்தில் பாதுகாப்புப் படையினரால் கைதுசெய்யப்பட்டோ, தாமே சரணடைந்தோ வந்த தமிழ் இளைஞர்களை அங்கே வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் வடக்கு, கிழக்கு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் சிறுவர்கள். எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்க்கவில்லை. சிறை என்று சொல்லாமல் புனர்வாழ்வு என்று சொன்னார்கள். தொழில் பயிற்றி, மனத்தைத் தேற்றி, வீட்டுக்கு அனுப்புவதே நோக்கமென்றார்கள். நல்ல நோக்கந்தான். அதை நான் பரிகசிக்கவில்லை.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் திகதி மாலை அந்த இளைஞர்களுக்கும் முகாம் அதிகாரிகளுக்கும் இடையே சச்சரவு மூண்டது. விடுதலை இழுத்தடிக்கப்படுகிறது, வீட்டிலிருந்து வரும் கடிதங்கள் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை என்பவை அவர்களுடைய முறைப்பாடுகளிற் சில. கடிதத்துக்காகவா இத்தனை கலகம் என்று கேட்பவர்கள், வீட்டைப் பிரிந்து பூட்டிய வாயிலுக்குள் இருந்து பார்க்கவேண்டும். அன்றிரவே அயலில் அவர்களுக்கெதிராகச் சுவரொட்டிகள் முளைத்தன. ஊரார் சிலர் முகாமருகே கூடினார்கள். பொலீஸார் வந்தார்கள், இரவு எப்படியோ கழிந்தது. ஆபத்து உண்டு என்பது அந்த இரவிலேயே அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து நிகழ்ந்தது திடீரென இடி விழுந்தாற்போல் நிகழ்ந்த ஒன்றன்று.

மறுநாள் 25ஆம் திகதி காலை, பட்டப்பகலில், ஆயிரக்கணக்கான ஒரு கூட்டம் கத்தி, பொல்லு, கல்லு, தீவட்டி சகிதம் முகாமுக்குள் புகுந்தது. அங்கே ஏறத்தாழ 60 ஆயுதந்தாங்கிய பொலீஸார் நின்றார்கள். முகாமில் இருந்த இளைஞர்கள் 41 பேர். கூட்டம் கலைந்தபோது 27 பேர் பிணமாகக் கிடந்தார்கள். மிகுதி 14 பேரும் காயம்பட்டிருந்தார்கள். வெட்டியும் அடித்தும் கொன்றார்கள், எரித்தும் கொன்றார்கள். தப்பியோட முயன்றவர்கள் மீதே பொலீஸார் சுட்டார்கள் என்று உயிர் தப்பியோர் சொன்னார்கள்.

இதற்கு மேல் அந்தக் காலை வேளையை நான் வருணிக்கப் போவதில்லை. வருணித்தால் உங்கள் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு வீட்டுக்குப் போவீர்கள். அதனால் ஒரு கைதிக்கும் பயனில்லை. அதற்குப் பின்னர் என்ன நடந்தது என்பதையே நான் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மலையகம் கொந்தளித்தது. தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன், நுவரெலியா முதலிய இடங்களில் எதிர்ப்பும், எதிர்ப்பை ஒட்டிக் கலவரமும் மூண்டன. வடக்குப் பிள்ளைகளுக்காக மலைநாட்டுத் தொழிலாளி வேலையை விட்டு வீதிக்கு வந்தான். இதைச் சிலர் அரசியல் தூண்டுதல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் தன் மகனைத்தான் நினைத்தான். கொழும்பில் கடையில் வேலை செய்த தோட்டத்து இளைஞர்கள் எத்தனை பேர் தமிழ் பேசினார்கள் என்பதற்காக அக்காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

மனித உரிமைகள் ஆணைக்குழு ஒரு வாரத்துக்குள்ளேயே தன் இடைக்கால முடிவைச் சொல்லிற்று: வன்முறையைத் தடுப்பதற்குப் பொலீஸார் பயனுள்ள நடவடிக்கை எதுவும் எடுக்காது கடமையிற் பாரதூரமாகத் தவறினார்கள் என்பதே அதன் சாரம். 2001ஆம் ஆண்டு மார்ச்சில் நீதியரசர் பி. எச். கே. குலதிலக்க தலைமையில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. பின்னர், மூன்று நீதிபதிகள் அமர்ந்த விசேட மேல் நீதிமன்றத்தில், பொலீஸாரும் ஊரவருமாகப் பலர்மீது வழக்கு நடந்தது. 2003ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி இரண்டு பொலீஸ் அதிகாரிகளும் மூன்று ஊரவருமாக ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தமிழ்க் கைதிகளைக் கொன்றதற்காக இந்த நாட்டில் ஒரு தீர்ப்பு வந்தது என்று அன்று பலர் வியந்தார்கள். அந்த வியப்பு இரண்டாண்டு நிலைக்கவில்லை. ஐவரில் ஒருவரை 2004இலும், எஞ்சிய நால்வரை 2005ஆம் ஆண்டு மே 27ஆம் திகதியிலும் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றத்தை நிலைநாட்டச் சாட்சியம் போதாது என்பது காரணம்.

ஆக, 27 பேர் செத்தது உண்மை. பட்டப்பகலில், ஆயிரம் கண்களுக்கு முன் செத்தது உண்மை. கொன்றவர் என்று சட்டம் சுட்டிக்காட்டக் கூடியவர் ஒருவரும் இல்லை என்பதும் இன்று உண்மை.

இவ்விடத்தில் நான் ஒன்றைத் திட்டமாகச் சொல்லவேண்டும். மரணதண்டனை விதித்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. போதிய சாட்சியமின்றி ஒருவனைத் தூக்குக்கு அனுப்பக்கூடாது என்ற விதி, அந்த 27 பேரையும் காக்கவேண்டியிருந்த அதே விதிதான். அது கொலைகாரன் என்று சந்தேகிக்கப்படுபவனுக்கும் உரியது. என் மனக்குறை வேறு. கொலை வழக்கில் நீதிமன்றம் கேட்கும் கேள்வி, "இந்த மனிதன், இந்தக் கொலையில், இந்த நோக்கத்தோடு பங்கு கொண்டானா?" என்பது. சும்மா நின்றவனை அந்தக் கேள்விக்குள் கொண்டுவருவது கடினம். ஆனால், சும்மா நின்றதே இங்கு குற்றம்! காவலுக்கு வைக்கப்பட்டவன் சும்மா நிற்பதும், வழியிற் போகிறவன் சும்மா நிற்பதும் ஒன்றாகுமா?

ஒருவனை அரசு பிடித்து அடைக்கும்போது அவனுடைய கைகளைக் கட்டிவிடுகிறது. ஓட முடியாது, ஒளிய முடியாது, தன்னைக் காக்க ஓர் ஆயுதத்தைத் தேட முடியாது, உறவினரைக் கூப்பிட முடியாது. அவன் தன்னைத் தான் காத்துக்கொள்ளும் வழிகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபின், காக்கும் கடன் யாருடையது? நம் முன்னோர் இதற்கு ஓர் அழகான சொல் வைத்திருந்தார்கள்: அடைக்கலப் பொருள். அயலான் ஒப்படைத்த நகையைத் தொலைத்தவன், "திருடனை நான் அறியேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. திருடன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் பொருளுக்கு அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இது என்னுடைய கற்பனைச் சட்டமன்று. 1955இல் ஜெனீவாவில் உலக நாடுகள் கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்தன. 2015இல் அவற்றைத் திருத்தி, 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டினார்கள். அவற்றின் முதலாவது விதியே கைதியின் மானத்தையும் பாதுகாப்பையும் பற்றியது. இந்தியாவிலும், காவலில் இறந்த மகனுக்காக ஒரிஸாவைச் சேர்ந்த ஒரு தாய் தொடுத்த வழக்கில், அரசே இழப்பீடு கொடுக்கவேண்டுமென்று 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

நம் நாட்டு உயர் நீதிமன்றமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. இரண்டு வாழைக்குலை திருடினான் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட ஒரு மனிதன் நீர்கொழும்புச் சிறையில் விளக்கமறியலில் வைக்கப்பட்டு, அங்கே தாக்கப்பட்டு இறந்தான். வாழைக்குலை இரண்டு! அவனுடைய குடும்பத்தார் தொடுத்த வழக்கில், 2004இல் உயர் நீதிமன்றம் அரசைப் பொறுப்பாளியாக்கிற்று. நமது அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை என்று வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையிலும், நீதிமன்றக் கட்டளையின்றி மரணதண்டனை ஆகாது என்னும் 13ஆம் உறுப்புரையிலும் அது உள்ளடங்கியிருக்கிறது என்றது. காவலில் இறந்தவனுடைய மனைவி அவனுக்காக வழக்காடலாம் என்று அதற்கு முந்திய ஆண்டிலேயே தீர்ப்பாயிற்று. இந்த வழக்குகளில் இன்னாரே கொன்றார் என்று கொலை வழக்கைப் போல் ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை. அரசின் காவலில் இருந்தான், அங்கே கொடுமைப்பட்டு மாண்டான் என்றால் அரசு பதில் சொல்லவேண்டும்.

இந்தக் கதவு திறந்தது 2003இல். பிந்துனுவெவ நடந்தது 2000இல். கதவு அன்றே திறந்திருந்தாலும் அந்தத் தாய்மாரால் உள்ளே நுழைந்திருக்க முடியுமா? அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு வரவேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. யுத்தம் நடந்துகொண்டிருந்த 2000ஆம் ஆண்டு நவம்பரில், வடக்கிலோ மட்டக்களப்பிலோ இருந்த ஒரு தாய், பிள்ளையின் பிணத்தைத் தேடுவாளா, பாஸ் எடுப்பாளா, கொழும்புக்கு வந்து சட்டத்தரணியைத் தேடுவாளா? ஒரு மாதம்! காணி வழக்குக்குப் பல ஆண்டுகள் தவணை கொடுக்கும் நாட்டில், உயிர் வழக்குக்கு ஒரு மாதம். இந்த ஒரு மாத எல்லையை நீக்கவேண்டும் அல்லது நீட்டவேண்டும் என்பதைத் தமிழ் அரசியல்வாதிகள் மேடைதோறும் கேட்கவேண்டும். கேட்கிறார்களா? அவர்களுக்கு வேறு அவசர வேலைகள் இருக்கின்றன போலும்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கிற் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது. கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாற் போதும்.

தமிழ்க் காவியங்களில் மணிமேகலையைப் படித்தவர்கள் அறிவார்கள்: அவள் அமுதசுரபியோடு சிறைக்குள் நுழைந்து கைதிகளுக்குச் சோறு போட்டாள். அரசன் மகிழ்ந்து என்ன வேண்டுமென்று கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித்தரக் கேட்டாள், அவனும் மாற்றினான். பெயரை மட்டுமன்று, உள்ளே நடப்பதையும் மாற்றினான். பிந்துனுவெவவில் நாம் கண்டது பெயர் மாற்றம். கண்ணகியின் கதையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விசாரியாமல் காவலரால் வெட்டுண்ட ஒருவனுக்காக அரசனையே கணக்குக் கேட்டவள் அவள். அவளைப் பத்தினித் தெய்யோ என்று சிங்கள மக்களும் இந்த ஊவா மலைகளில் வணங்குகிறார்கள். ஒரே தெய்வத்தை வணங்குகிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கத் தடை என்ன?

ஏனென்றால், இது தமிழர் மட்டும் சாகும் நோயன்று. தமிழர்களுக்கு வந்தது கொடிது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். முதல் நாள் 35 பேர் கொல்லப்பட்டபின், ஒரு நாள் இடைவெளி விட்டு, அதே சிறையில் 18 பேர். 1997 டிசம்பரில் களுத்துறைச் சிறையில் மூவர். ஆனால், 2012 நவம்பரில் அதே வெலிக்கடையில் 27 கைதிகளும், 2020 நவம்பரில் மஹர சிறையில் 11 பேரும் மாண்டார்களே, அவர்கள் தமிழர் என்பதற்காகவா மாண்டார்கள்? இல்லை. தமிழ்க் கைதி செத்தபோது கேட்க ஆளில்லை என்று பழகிய கை, பிறகு எந்தக் கைதிமீதும் ஓங்கப் பழகிற்று. சிங்கள நண்பர்களோடு பேசும்போது இதைச் சொல்லுங்கள். குற்றஞ்சாட்டும் குரலிற் சொல்லாதீர்கள். அயலானோடு பேசும் குரலிற் சொல்லுங்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அது. "தற்காலிக ஏற்பாடுகள்" என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறது. 1982இல் அந்தத் தற்காலிகத்தை நிரந்தரமாக்கினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை! அமைச்சர் கையொப்பமிட்டால் ஒருவரை 18 மாதம் வரை வழக்கின்றித் தடுத்துவைக்கலாம் என்றிருந்ததை 2022இல் 12 மாதமாகக் குறைத்தார்கள். இச்சட்டத்தின் கீழ் உதவிப் பொலீஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சான்றாகிவிடும். அடித்து வாங்கினார்கள் என்றால், அதைக் காட்டவேண்டியவன் அடிபட்டவன்.

மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர் ஒருவரின் வழக்கு உலகறிந்தது. 1993இல் பிடிபட்டவர். சிங்களம் அறியாதவர். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அதை வைத்து 50 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அந்த முடிவு இங்கே செல்லாதென்றது. ஒரு பெருவிரல்! நம் தோட்டங்களில் பெருவிரல் வைத்தே கையொப்பமிடும் முதியோர் இன்றும் இருக்கிறார்கள். இளையோர் கையெழுத்திடுவார்கள், ஆனால் எந்த மொழியில் எழுதியதன் கீழ் இடுகிறார்கள் என்று கேட்பதற்குப் பொலீஸ் நிலையத்தில் அவர்களுக்குத் துணிவு வருவதில்லை. தமிழ் 1987ஆம் ஆண்டின் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. சட்டப் புத்தகத்தில் ஆயிற்று. பல பொலீஸ் நிலையங்களில் மேசைக்கு இன்னும் அது வந்து சேரவில்லை. வாசித்து விளங்காத எதிலும் ஒப்பமிடவேண்டாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் இதை ஒரு பாடமாகவே சொல்லலாம். பரீட்சைக்கு வராது என்றாலும் பயன்படும்.

வைத்தியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கைதி ஒருவனைப் பொலீஸார் உங்கள்முன் கொண்டுவருகிறார்கள். அவனுக்குப் பின்னால் அவர்கள் நிற்கிறார்கள். "எப்படிக் காயம்?" என்று கேட்டால், "விழுந்துவிட்டேன்" என்கிறான். எல்லாரும் விழுந்துவிடுகிறார்கள்! பொலீஸாரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிப் பாருங்கள். கண்டதை அளந்து எழுதுங்கள்: நீளம், நிறம், இடம். நீங்கள் எழுதும் அந்த ஒரு தாள், பத்துச் சாட்சிகள் பயந்து பின்வாங்கிய பிறகும் நீதிமன்றத்தில் நின்று பேசும். பல வழக்குகளில் வேறெதுவும் பேசியதில்லை.

இப்பொழுது பிணைக்கு வருகிறேன். கமக்காரர்களே, இது உங்களுக்கு.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று தொடங்குகிறது. நல்ல சட்டம். நீதவானும் பிணை கொடுத்துவிடுகிறார்: இத்தனை ஆயிரம் காசுப் பிணை, இரண்டு பேர் சரீரப் பிணை. தோட்டத்துத் தாய் ஒருத்தி நீதிமன்ற வாசலில் அந்தக் கட்டளையைக் கேட்டுவிட்டு நிற்கிறாள். மகன் மதுபோதையில் கைகலந்தான் என்றோ, தோட்டத்து மரத்தை வெட்டினான் என்றோ வழக்கு. சரீரப் பிணைக்கு வருபவர் கிராம உத்தியோகத்தரின் வதிவிட அத்தாட்சியோடு வரவேண்டும். சில வேளை சொத்தோ நிரந்தர வருமானமோ உண்டென்று காட்டவேண்டும். அவள் யாரை அழைப்பாள்? அயல் லயத்தில் இருப்பவருக்கும் இவளைப் போல் தலைமுறை தலைமுறையாகக் காணி உறுதி இல்லை. இருக்கும் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்குப் போகாவிட்டால் பெயரில்லை, பெயரில்லாவிட்டால் கூலியில்லை. பிணை நிற்க வருபவர் ஒரு நாட் கூலியை இழந்து, பஸ் ஏறி, தவணைதோறும் வரவேண்டும். ஆகவே பிணை கிடைத்தும் மகன் உள்ளே போகிறான். கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்களை நிரப்பிய ஒரு நாட்டின் சிறைக்குள், முறை போட்டுக்கொண்டு படுக்கவேண்டிய இடத்துக்குள் போகிறான். போகும்போது சண்டைக்காரன், இரண்டு மாதம் கழித்து வரும்போது என்ன கற்றுக்கொண்டு வருவான் என்பது அவனோடு அங்கே யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

நான் முன்னர் சொன்ன வாழைக்குலைக்காரனை நினைவிருக்கிறதா? அவனும் விளக்கமறியலில் இருந்தபோதுதான் மாண்டான்.

அன்று துண்டு இல்லாதவனுக்கு வெளியே இடமில்லை. இன்று உறுதி இல்லாதவனுக்கு வெளியே வர வழியில்லை. வெலிமடையிலும் ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கும் கோவாவும் பயிரிடும் உங்களில் பலரிடம் உறுதி இருக்கிறது. ஆசிரியர்களிடமும் அரசாங்க உத்தியோகத்தர்களிடமும் நிரந்தரச் சம்பளம் இருக்கிறது. உங்கள் காணியை எழுதிக் கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. அவன் தவணைக்கு வருவான் என்று நீங்கள் நீதிமன்றத்துக்குச் சொல்லும் வார்த்தைதான் சரீரப் பிணை. அவன் வராவிட்டால் பணம் கட்டவேண்டி வரலாம் என்பது உண்மை, மறைக்க மாட்டேன். அதனால் எல்லாருக்கும் நிற்கவேண்டாம். குடும்பத்தை அறிந்த தோட்டத் தலைவரோ கோவில் பரிபாலனத்தாரோ ஆசிரியரோ வந்து, இவன் ஓடமாட்டான் என்று சொன்னால் நில்லுங்கள். பாரதூரமான குற்றங்கள் என்றால் சட்டத்தரணியைக் கேட்டு நில்லுங்கள். சின்ன வழக்குகளில், இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்கு, தைரியமாக நில்லுங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்கு இந்தப் பிணை வழி எளிதன்று. அவர்களைப் பொறுத்தவரை முதல் இரண்டு நாள்தான் முக்கியம். அச்சட்டத்தின் கீழ் கைது செய்தவர் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டுமென்று சட்டம் சொல்கிறது. அறிவித்தாரா என்று நீங்களே ஆணைக்குழுவைக் கேளுங்கள். கேட்கிற ஆள் உண்டு என்று தெரிந்த கைதியை அடிப்பதற்கு அடிக்கிறவன் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பான். பிடித்தவர் பெயர், நிலையம், நேரம், வாகன இலக்கம் ஆகியவற்றை வீட்டிலிருப்பவர் உடனே ஒரு கொப்பியில் எழுதிவைக்கவேண்டும். அழுது முடித்தபின் எழுதலாம் என்றிருந்தால் இலக்கம் மறந்துபோகும்.

தலைவர் அவர்கள் நேரமாயிற்று என்று கண்காட்டுகிறார். சிறுவர்களை வளர்ந்தவர்களோடு அடைப்பதைப் பற்றியும், பெண் கைதிகளைப் பற்றியும் பேசவில்லை. அவை தனியே ஒரு கூட்டத்துக்கு உரியவை. வாயிலருகே இரண்டு ஆசிரியர்கள் பதிவேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சரீரப் பிணை நிற்க இசைவோர் பெயரையும், தொலைபேசி இலக்கத்தையும், எந்த நீதிமன்றத்துக்கு வரக்கூடும் என்பதையும் எழுதிவிட்டுப் போகவேண்டும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை என்று தனித்தனிப் பக்கம் இருக்கிறது. அடையாள அட்டையின் பிரதி இன்று கையில் இல்லாதவர்கள் அடுத்த வாரம் கொண்டுவந்தாலும் போதும். வைத்தியர்களும் சட்டம் படித்தவர்களும் கடைசிப் பக்கத்தில் எழுதலாம். அந்தப் பக்கம் நான் பார்த்தபோது வெறுமையாக இருந்தது.